பாலம் காட்டும் அறிகுறிகள்: எங்கே பார்ப்பது, எதை முதலில் செய்வது

கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை புகையிரதத்தில் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நான் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களைப் பார்ப்பேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை அலைத்தூவல் அங்குள்ள இரும்பிலும் கொங்கிறீட்டிலும் நேரே வந்து படிகிறது. அந்த உப்பு ஒரு பாலத்துக்குள் எப்படிப் புகுந்து, எத்தனை ஆண்டுகள் கழித்து எந்த வடிவில் வெளியே தெரிகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, பரிசோதனையில் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

பாலப் பரிசோதனைக்குப் புதிதாக அனுப்பப்படும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும், தம் வீட்டருகே உள்ள பாலத்தில் ஏதோ சரியில்லை என்று கண்டு பொறுப்பானவர்களுக்குக் கடிதம் எழுத நினைக்கும் பொதுமக்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணத்தைத் தேடி, செய்ய வேண்டியதைச் சொல்வதே முறை. ஆனால் எந்த அறிகுறியாயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாலத்தில் மழைநீர் எங்கே விழுகிறது, எந்த வழியால் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது? அதற்கு விடை காணாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு இரண்டு மாரிக்கு மேல் நிற்பதை நான் கண்டதில்லை. பொதுமக்கள் தண்டவாளத்தின் மேல் ஏறிப் பார்க்கவே கூடாது. கரையிலிருந்தும் கீழிருந்தும் பார்த்தாலே எழுதுவதற்குப் போதுமானது தெரியும்.

போக்குவரத்தை உடனே நிறுத்த வேண்டியவை

கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பை ஒரு முனையில் குனிந்து நின்று கண்ணோட்டம் விட்டுப் பாருங்கள். நேற்றுவரை நேராக இருந்த கோடு இன்று ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால், வேறெதையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம், பாலத்தை மூடுங்கள். தூண் சாய்ந்திருத்தல், கேர்டரின் (தளத்தைச் சுமக்கும் நீள் விட்டத்தின்) முனை, தூணின் மேல் அது அமர்ந்திருக்கும் தாங்கியிலிருந்து விலகியிருத்தல், பிரதான உருக்குக் கேர்டரில் வெடிப்பு, கொங்கிறீட் கேர்டரின் முனைப்பகுதியில் சரிவாக ஓடி அகன்றுகொண்டு போகும் வெடிப்பு ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. சட்டகப் பாலங்களில் பல உறுப்புகளை ஓரிடத்தில் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புத் தகடு வளைந்தோ பிதுங்கியோ இருந்தால் அதுவும் அப்படியே. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2007 ஓகஸ்ட் 1 அன்று இடிந்து 13 பேரின் உயிரைப் பறித்த நெடுஞ்சாலைப் பாலத்தில் அந்தத் தகடுகள் இருக்க வேண்டிய தடிப்பில் பாதியே இருந்தன. அவை பிதுங்கியிருந்ததை 2003 இல் எடுத்த ஒளிப்படங்களே காட்டின. படம் இருந்தது, அதைப் படித்து எச்சரித்தவர் இல்லை. அந்தச் செய்தி என்னை இன்றும் வருத்துகிறது.

தளத்தின் அடியில் கறள் நிறக் கோடு, உப்பல், உதிர்வு, வெளித்தெரியும் கம்பி

கொழும்பில் மிக அதிகமாகக் காணக் கிடைக்கும் அறிகுறி இதுதான். ஆகவே இதில் சற்று நிதானிக்க வேண்டும்.

நல்ல கொங்கிறீட்டின் உட்புறம் கடும் காரத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் 12 இற்கும் 13 இற்கும் இடையில் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி, அதைக் கறளிலிருந்து காக்கிறது. அந்தப் படலம் இரண்டு வழிகளில் கெடுகிறது. ஒன்று, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைப்பது; இதுவே காபனேற்றம். மற்றது, கடல் உப்பின் குளோரைட்டு கம்பிவரை சென்று, காரம் குறையாத நிலையிலேயே படலத்தைத் துளைப்பது. கறள் தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்குதலே கொங்கிறீட்டை உள்ளிருந்து தள்ளி உப்ப வைத்து, பின்னர் பெயர்க்கிறது. ஆகவே உதிர்வு என்பது நோயின் தொடக்கமன்று. நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து வரும் செய்தி.

முதலில் எடுக்க வேண்டிய கருவி சாதாரண சுத்தியல். தளத்தின் அடிப்பரப்பை ஓர் அடிக்கு ஓர் அடியாகத் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே பிரிந்துவிட்ட இடம், வெந்த மண்பானையில் கீறல் விழுந்ததைப் போல மொத்தென்று ஒலிக்கும். அந்த எல்லையைச் சோக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். நான் முதன்முதலில் இப்படித் தட்டிய கரையோரப் பாலம் ஒன்றில், கண்ணுக்கு இரண்டு கைப்பிடி அளவு உதிர்வே தெரிந்தது. மாலையில் சோக்கு வட்டங்கள் தளத்தின் மூன்றிலொரு பங்கை நிறைத்திருந்தன.

அடுத்ததாக, காரணம் காபனேற்றமா குளோரைட்டா என்று பிரித்தறிய வேண்டும். புதிதாக உடைத்த பரப்பில் பினோத்தலின் கரைசலைத் தெளித்தால், காரம் மீந்திருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. நிறமற்ற பட்டையின் ஆழம் கம்பியை எட்டியிருந்தால் காபனேற்றம் ஒரு காரணம். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது: 10 மில்லிமீற்றர் போக 10 ஆண்டு எடுத்தால், 20 மில்லிமீற்றர் போக ஏறத்தாழ 40 ஆண்டு எடுக்கும். கம்பிக்கு மேலுள்ள மூடுபடையை வேலையாள் கவனக்குறைவால் பாதியாக்கினால், பாதுகாப்புக் காலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. கொங்கிறீட் போடும் நாளில் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு சீமெந்துக் கட்டைகளை எண்ணிப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்தக் கணக்கிலிருந்து உணரலாம்.

பட்டை கம்பியை எட்டாத போதும் கறள் இருக்குமானால் சந்தேகம் குளோரைட்டின் மேல். வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கம்பியின் மின்னழுத்தத்தைச் செப்பு–செப்புசல்பேற்று மின்வாயுடன் ஒப்பிட்டு அளந்து, மறை 350 மில்லிவோல்ட்டுக்கு அப்பால் போகும் இடங்களை வரைபடத்தில் குறித்தால், இன்னும் உதிராத ஆனால் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் பகுதிகளும் வெளிப்படும்.

பழுதுபார்க்கையில், தளர்ந்ததை மட்டும் தட்டிவிட்டு மேலே சீமெந்துக் கலவை பூசுவது பெருந்தவறு. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொங்கிறீட்டை வெட்டி, கம்பியைச் சுற்றிலும் மினுங்கும்வரை சுத்தப்படுத்தி, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்த பின்னரே நிரப்ப வேண்டும். குளோரைட்டு நிறைந்த பாலங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் கறள் பிடித்த இடம் தன்னை இழந்து, பக்கத்திலுள்ள கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் புதிதாக்கியவுடன் பக்கத்துக் கம்பி அந்தக் காவலை இழந்து தானே அரிக்கத் தொடங்கும். புதிய பூச்சு சிறிதும் அசையாதிருக்க, அதைச் சுற்றி வளையம் போல உதிர்வு வருவதைக் கண்டால் காரணம் இதுவே. அத்தகைய பாலத்துக்கு நாகத் தகடுகளை உட்பதித்தோ, வெளியிலிருந்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்தோ காக்கும் முறையைப் பரிந்துரைப்பதே நேர்மையானது.

வெள்ளைக் கசிவும் சுண்ணாம்புத் தொங்கலும்

தளத்தினூடாக இறங்கும் நீர், சீமெந்திலுள்ள கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, காற்றுப் பட்டதும் கல்சியம் காபனேற்றாகப் படிய விடுகிறது. வெள்ளை மட்டும் இருந்தால் நீர்வழி ஒன்று திறந்திருக்கிறது என்று பொருள். வெள்ளையுடன் செம்மண் நிறம் கலந்திருந்தால் அந்த நீர்வழி கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். மேலே ஏறித் தார்ப்படையைக் கவனியுங்கள். கீழே தேடும் விடை பெரும்பாலும் மேலேதான் இருக்கும்.

தூணின் தலையிலும் தாங்கியிலும் ஓயாத ஈரம்

மழை விட்டு மூன்று நாளாகியும் ஒரு தூணின் தலை மட்டும் ஈரமாக இருந்தால், அதற்கு நேர் மேலே உள்ள விரிவு மூட்டு பிய்ந்திருக்கிறது. நீளமான பாலம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்க வேண்டும்: 100 மீற்றர் நீளத்துக்கு வெப்பநிலை 20 பாகை மாறினால் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் அசைவு. இதற்கு மேலே மூட்டு இடம் விடுகிறது, கீழே தாங்கி வழி விடுகிறது. மூட்டின் றப்பர் கிழிந்ததும் மணலும் நீரும் தாங்கியின் மேல் விழும். உருளைத் தாங்கி கறளில் இறுகிவிடும். பாலமோ விரிவதை நிறுத்தாது. அந்த விசை தூணின் தலையைப் பிளக்கும், அல்லது கேர்டரின் முனையை நொறுக்கும். ஆகவே தூணின் தலையில் வெடிப்பைக் கண்டால் தூணை மட்டும் சோதித்துவிட்டுத் திரும்ப வேண்டாம். தாங்கியின் அருகே கேர்டரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அளந்து பாருங்கள். கோடு அசையவில்லையாயின் தாங்கி இறுகிவிட்டது.

அமெரிக்காவின் மியானஸ் ஆற்றுப் பாலத்தில் 1973 இல் வீதிக்குத் தார் போட்டபோது வடிகால்களையும் மூடிவிட்டார்கள். பத்து ஆண்டு உள்ளே இறங்கிய நீரில் ஒரு பகுதியை மற்றதிலிருந்து தொங்கவிடும் தகடுகளின் ஊசிமூட்டு கறள் பிடித்துப் பிதுங்கி, 1983 யூன் 28 அதிகாலையில் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான பகுதி ஒன்று ஆற்றில் விழுந்தது, மூவர் இறந்தனர். நம் நகரத்தில் வடிகுழாயின் வாயைப் பிளாஸ்ரிக் பைகளும் வெற்றிலைக் குப்பையும் அடைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாலம் நினைவுக்கு வரும். ஒரு மண்வெட்டியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். பரிசோதனைக்குப் போகிறவர் அந்தக் குழாயை அன்றே திறந்துவிட்டு வரலாம்.

வெடிப்புகள்

வெடிப்பைக் கண்டவுடன் அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சாதாரண இரும்புக்கம்பிக் கொங்கிறீட்டில் கேர்டரின் நடுப்பகுதியில் கீழிருந்து மேலாக ஓடும் மயிரிழை வெடிப்புகள், கம்பி சுமை ஏற்கத் தொடங்கியதன் இயல்பான அடையாளம். அகலம் 0.3 மில்லிமீற்றருக்கு உட்பட்டு, கறள் நிறம் இல்லாமல், மாதக்கணக்கில் மாறாதிருந்தால் பதிவு செய்து காத்திருக்கலாம். தாங்கிக்கு அருகே சரிவாக ஓடுவது முற்றிலும் வேறு. அது, குறுக்கே அறுக்க முயலும் வெட்டுவிசையில் கேர்டர் தளர்வதைக் காட்டக்கூடும், அந்த வகை முறிவு நீண்ட முன்னறிவிப்புத் தருவதில்லை. கம்பியின் நேர்கோட்டிலேயே ஓடும் வெடிப்பு கறளால் வந்தது. வறண்ட குளத்தின் சேறு போல எல்லாத் திசையிலும் பின்னிய வெடிப்பு, கொங்கிறீட்டுக்குள் இரசாயன வீக்கம் நிகழ்வதைக் காட்டலாம். சில வகைக் கற்களிலுள்ள சிலிக்கா சீமெந்தின் காரத்துடன் சேர்ந்து நீரை உறிஞ்சும் கூழாக மாறுவதே அதற்கு ஒரு காரணம். துளையிட்டு உருளை மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பாராமல் இதை உறுதிசெய்ய முடியாது.

முன்னழுத்தக் கொங்கிறீட்டில் விதி மாறுகிறது. அங்கே உள்ளிருக்கும் கேபிள் கொங்கிறீட்டை எப்போதும் இறுக்கிப் பிடித்திருப்பதால், வெடிப்பே வரக்கூடாது. நடுப்பகுதியில் மெல்லிய குறுக்கு வெடிப்பு ஒன்று வந்தாலே கேபிள் தளர்ந்ததோ அறுந்ததோ என்று கேட்க வேண்டும். வேல்சிலுள்ள இனிஸ்-இ-குவாஸ் பாலம் 1953 இல் கட்டப்பட்டது. 1985 டிசம்பரில், எந்த முன்னறிகுறியுமின்றி இடிந்தது. துண்டுகளாகச் சேர்த்த கேர்டரின் இணைப்புச் சாந்து வழியே நீரும் குளோரைட்டும் புகுந்து கேபிளைத் தின்றிருந்தன. வெளியே எதுவும் தெரியவில்லை. ஆகவே முன்னழுத்தப் பாலங்களில் கண்பார்வை போதாது. கேபிள் ஓடும் குழாயின் உயரமான இடங்களில் சிறு துளையிட்டு, கேபிளைச் சுற்றி நிரப்பும் சீமெந்துக் கூழான கிரௌட் கலவை முழுமையாக நிறைந்திருக்கிறதா, வெற்றிடமும் ஈரமும் உள்ளனவா என்று கமெரா விட்டுப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம் போன்ற கேபிள் தாங்கும் பாலங்களிலும், கேபிள் நங்கூரமிடப்படும் முனைகளில் நீர் தேங்குகிறதா என்பதே முதற்கேள்வி. அது இளமையான பாலம். நல்ல பதிவேட்டைத் தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லை.

உருக்குப் பாலங்கள்: செதிள் கறள், ஆடும் றிவெட், வெடிப்பு

பெயின்ற் வெளிறியிருப்பது பிரச்சினையன்று. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடைவெளியில் கறள் செதில் செதிலாகப் பெருத்துத் தகட்டைப் பிரிக்கிறதா என்று பாருங்கள். கறளைச் சுரண்டி எடுத்தபின் மீந்திருக்கும் உலோகத்தின் தடிப்பை அளந்து, வரைபடத்திலுள்ள பழைய தடிப்புடன் ஒப்பிட்டால்தான் பாலத்தின் வலு தெரியும்; கறளின் தடிப்பைப் பார்த்து மயங்கக் கூடாது, அது எப்போதும் இழப்பைவிடப் பெரிதாகவே தெரியும். நம் பாட்டன்மார் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போய்ப் புகையிரதத்தில் கடந்த பாம்பன் பாலம் 1914 இல் திறக்கப்பட்டு, 2022 இறுதிவரை கடலின் நடுவே சேவை செய்தது. ஓயாமல் சுரண்டிப் பூசிக்கொண்டிருந்தால் உருக்கு நூறாண்டைத் தாண்டும்.

புகையிரதப் பாலங்களுக்கு இன்னொரு நோய் உண்டு. ஒவ்வோர் அச்சும் கடக்கும்போது உருக்கு இழுபட்டுத் தளர்கிறது. அது இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும்போது, தாங்கக்கூடிய சுமையிலேயே உலோகம் களைத்து வெடிக்கிறது. அந்த இழுவிசையின் வீச்சு இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். பல ஆண்டுகளுக்கு முன், பாதைப் பராமரிப்பில் தலைநரைத்த மலையகத்துத் தொழிலாளர் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார்: "சேர், பழைய கறள் கருத்துப்போய் இருக்கும். ரயில் போனதுக்கப்புறம் புதுசா செம்மஞ்சத் தூள் கொட்டிக் கிடந்தா, அந்த றிவெட் ஆடுது." பிறகு தம் ஆள்காட்டி விரலை றிவெட்டின் தலையின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் சுத்தியலால் மெல்லத் தட்டினார், என் விரலை வைக்கச் சொல்லி மறுபடி தட்டினார். நகத்தடியில் சிறு துடிப்பு தெரிந்தது. இன்றுவரை அதைவிட நம்பகமான சோதனையை நான் கைக்கொள்ளவில்லை.

வெடிப்பு தொடங்கும் இடங்கள் மூன்று: வெல்டிங் முடியும் ஓரம், றிவெட் துளையின் விளிம்பு, தகடு திடீரென்று வெட்டப்பட்ட மூலை. பெயின்றில் மெல்லிய கோடாகக் கறள் வழிந்தால், பூச்சைச் சுரண்டி, சாயம் ஊடுருவவிட்டு அல்லது காந்தத்தூள் தூவிச் சோதியுங்கள். உறுதியானால், வெடிப்பின் நுனியில் வட்டத் துளையிட்டு அது முன்னேறுவதைத் தற்காலிகமாகத் தடுக்கலாம். பின்னர் போல்ட் போட்டுத் தகடு சேர்க்கலாம். நூறாண்டுப் பழைய இரும்பின் மேல் ஆய்வின்றி வெல்டிங் செய்யவே கூடாது. பழைய உலோகத்தில் கந்தகமும் பொசுபரசும் மிகுந்திருந்தால் ஒட்டிய இடமே அடுத்த வெடிப்பின் தொடக்கமாகும். 1967 டிசம்பர் 15 இல் அமெரிக்காவின் சில்வர் பாலம் 46 உயிர்களுடன் ஒகாயோ ஆற்றில் விழுந்தபோது, காரணம் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் ஆழமான ஒரு வெடிப்பு. பாலத்தைத் தாங்கிய சங்கிலியில் ஓரிணைப்புக்கு இரண்டே இரண்டு கண்தண்டுகள், அதாவது நுனியில் துளையுள்ள உருக்குத் தண்டுகள். ஒன்று போனால் மற்றது தாங்காது. உங்கள் பாலத்தில் எந்த உறுப்புக்குத் துணை இல்லை என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

வெள்ளத்துக்குப் பின்: தூணைச் சுற்றிச் சுழி, கரை சரிவு

பாலங்களை வீழ்த்துவதில் வாகனங்களைவிட ஆறே முன்னிற்கிறது. களனி கங்கையை 1822 முதல் 1895 வரை கடந்தது படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தின் வழியே. அதற்கு அத்திவாரம் இல்லை, ஆகவே அடியரிப்பும் இல்லை. இன்று தூண் ஊன்றிய பாலங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளத்தில் தூணின் முன்பக்கம் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து அடிமண்ணைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது அதே குழியில் தளர்ந்த மணலை நிரப்பிவிட்டுப் போகும். மறுநாள் ஈயக்குண்டு விட்டு அளப்பவருக்கு ஆற்றடி பழைய மட்டத்திலேயே தெரியும். ஆனால் அந்த மணல் எதையும் தாங்காது. நீண்ட இரும்புக்கோலை ஊன்றிப் பாருங்கள். எந்த ஆழம்வரை கோல் தடையின்றி இறங்குகிறதோ, அதுவரை தோண்டப்பட்டிருந்தது. அந்த ஆழத்தை அத்திவாரத்தின் மட்டத்துடன் ஒப்பிட்டு, ஐயம் இருந்தால் சுழியோடியை இறக்குங்கள்.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் கூரைவரை நீர் ஏறியதை மறந்தவர் குறைவு. களனியில் இதனுடன் மணல் அகழ்வும் சேர்ந்துகொள்கிறது; ஆற்றடி தாழ்ந்ததால் வறட்சிக் காலத்தில் உப்புநீர், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை ஏறியிருக்கிறது. குடிநீர் பற்றிய செய்தியாகவே அதைப் படிக்கிறோம். தாழ்ந்த ஆற்றடி என்பது தூண்களைச் சுற்றி மண்பிடி குறைந்ததும், முன்பு நன்னீரில் நின்ற கொங்கிறீட்டை உப்பு தொடுவதும் ஆகும். தூணில் சிக்கிய மூங்கிலும் மரமும் அரிப்பைப் பெருக்கும். அவற்றை அடுத்த மழைக்கு முன் அகற்ற வேண்டும். நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரலில் விழுந்து பத்துப் பேர் இறந்ததற்குக் காரணம், தூணடியைக் காக்கப் போட்ட பாறைகள் அடித்துச் செல்லப்பட்டபின் அவை மீளப் போடப்படாததே.

பாலத்தில் ஏறும்போது பஸ் தூக்கிப் போடுதல்

பாலத்தின் முனையைக் கரையில் தாங்கும் சுவரான கரைத்தாங்கிக்குப் பின்னாலுள்ள மண் அமுங்கிவிட்டது. தார் போட்டு மட்டம் சமன்செய்வது வழக்கம். அது தவறன்று, ஆனால் பாலத்தின் மேலும் அதே தார் நீண்டுகொண்டே போவதைத் தடுக்க வேண்டும். 50 மில்லிமீற்றர் தார்ப்படை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 120 கிலோகிராம். 30 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமான தளத்தில் அது 36 தொன் நிரந்தரச் சுமை. பழையதைச் சுரண்டி எடுத்தபின்னரே புதியதைப் போடுங்கள்.

செடிகள்

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, உருக்குக் கம்பியின்றிக் கட்டப்பட்டது. அங்கே கறள் நோய் இல்லை, சாந்துக்குள் இறங்கும் நீரும் வேருமே பகை. கொழும்பின் பழைய கல்மதகுகளிலும் அப்படியே. பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றை வெட்ட நம் தொழிலாளர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதித்து, கன்று சிறிதாக இருக்கையிலேயே வேரோடு எடுத்து வேறிடத்தில் நடச் சொல்லுங்கள். விரல் தடிப்பானபின் இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும்.

பதிவு

ஒவ்வோர் அறிகுறியையும் அளவுகோல் தெரியும்படி, ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் படமெடுங்கள். வெடிப்பின் இரு நுனியிலும் குறுக்குக்கோடு கிழித்து, பக்கத்தில் திகதியை அழியாத மையால் எழுதுங்கள். அடுத்த முறை வருபவர் வேறொருவராக இருக்கலாம். கோட்டைத் தாண்டி வெடிப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அவர் அதைக் கொண்டே அறிவார்.